சைகோன்ல இன்னா துன்னுவே?

பிள்ளைப்பாக்கம் டீக்கடையில் காலை ஆறு மணிக்குப் போய் நின்று பாருங்கள். பாஸ்போர்ட் இல்லாமலே உலகம் சுற்றிய பலன் கிடைக்கும். இந்தப் பக்கம் ஒடியா, அந்தப் பக்கம் இந்தி, நடுவில் நம்ம ஊர் 'இன்னாப்பா'. நாலு கிலோமீட்டர் தள்ளிப் போனால் கொரிய எழுத்தில் ஓட்டல் போர்டு. அதைப் படிக்கத் தெரியாமல் உள்ளே போய், பில்லைப் படிக்கத் தெரிந்து வெளியே வந்தவன் நான்.

இப்படி உலகமே நம்ம ஊருக்கு ஷிப்டு பஸ்ஸில் வந்து இறங்கிக்கொண்டிருக்கும்போது, நம்ம ஊரிலிருந்து ஒருத்தன் உலகத்துக்குப் போக வேண்டி வந்தது. அவன் என் நண்பன். சிப்காட்டில் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பர்ச்சேஸ் டிபார்ட்மெண்ட். பெயர் போட்டால் கோபித்துக்கொள்வான். பர்ச்சேஸ் என்றே வைத்துக்கொள்வோம்.

கம்பெனிக்கு வியட்நாமிலும் ஒரு தொழிற்சாலை உண்டு, சைகோனுக்குக் கொஞ்சம் வெளியே. ஒருநாள் மானேஜர் கூப்பிட்டிருக்கிறார். "ரெண்டு வருஷம் அங்கே போய் இருக்கியா? சம்பளம் ஒண்ணரை மடங்கு. முதல்ல ஒரு வாரம் போய் ஊரைப் பார்த்துட்டு வா. வந்து பத்து நாள்ல பதில் சொல்லு."

பர்ச்சேஸ் வீட்டில் அவனும் அம்மாவும்தான். அப்பா இல்லை. அக்காவைச் செங்கல்பட்டில் கொடுத்திருக்கிறது. இருந்த நிலம் சிப்காட்டுக்குப் போனது. வந்த பணத்தில் அம்மா வரிசையாக ஆறு ரூம் கட்டி ஒடிஸா பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் அவர் அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. மூன்றே கேள்வி கேட்டார். வருமான வரி ஆபீஸர்கூட இவ்வளவு சுருக்கமாகக் கேட்டு நான் பார்த்ததில்லை.

"அங்க போயி இன்னா துன்னுவே? எங்க போயி கும்புடுவே? மேலுக்கு முடியலன்னா யாரு பாப்பாங்க?"

பர்ச்சேஸ் என்னைப் பார்த்தான். "நீயும் வாடா. நீதான் எழுதுறவனாச்சே, பார்த்துச் சொல்லு" என்றான். நான் பி.காம். நாலு சின்ன கம்பெனிகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு எழுதி, மிச்ச நேரத்தில் பத்திரிகைக்கு எழுதுகிறவன். (எதில் பொய் அதிகம் என்று கேட்காதீர்கள்.) டிக்கெட் என் காசு. ஈ-விசாவுக்கு 25 டாலர். அதை வசூல் பண்ணத்தான் இந்தக் கட்டுரை.

2025 பிப்ரவரி 8, சனிக்கிழமை. கோலாலம்பூரில் விமானம் மாறிச் சைகோனில் இறங்கினோம். ஊருக்கு ஹோ சி மின் நகரம் என்று 1976-லேயே பெயர் மாற்றியாகிவிட்டது. ஆனால் ஆட்டோவில் ஏறி 'காமராஜர் சாலை' என்றால் 'எது, பீச் ரோடா?' என்று கேட்பாரில்லையா? அந்த மாதிரி, ஊர்க்காரர்கள் வாயில் இன்னும் சைகோன்தான்.

இறங்கியதும் நான் கோடீஸ்வரன் ஆனேன். சத்தியமாக. ரூபாய்க்குச் சுமார் முந்நூறு டாங். மூவாயிரத்து நானூறு ரூபாய் கொடுத்தால் பத்து லட்சம். கணக்கு இதுதான்: நோட்டில் மூன்று சைபரை வெட்டுங்கள், மூன்றரையால் பெருக்குங்கள். 50,000 டாங் என்றால் நூற்றெழுபது, நூற்றெழுபத்தைந்து ரூபாய். எல்லா நோட்டிலும் ஹோ சி மின் தாத்தாவே சிரிக்கிறார், நம்ம காந்தி தாத்தா மாதிரி. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. 20,000 டாங் நோட்டும் நீலம். 5,00,000 டாங் நோட்டும் நீலம். ராத்திரி வெளிச்சத்தில் இரண்டும் அண்ணன் தம்பி. இளநீர்க்கார அம்மாளிடம் பர்ச்சேஸ் இருபதாயிரம் என்று நினைத்து ஐந்து லட்சத்தைக் கொடுத்துவிட்டு ஸ்டைலாக நடந்தான். அந்த அம்மாள் வண்டியை விட்டுவிட்டு ஓடி வந்து, அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, நோட்டை அவன் மூக்குக்கு நேரே ஆட்டி, என்னமோ திட்டினார். பாஷை தெரியவில்லை. ஆனால் திட்டு புரிந்தது. "எங்கம்மா மாதிரியே திட்டுதுடா" என்றான் பர்ச்சேஸ்.

அடுத்த அதிர்ச்சி, ரோட்டைக் கடப்பது. ஒரகடம் ஜங்ஷனில் கண்டெய்னர் லாரிக்கு நடுவே சைக்கிளோடு புகுந்து வந்தவர்கள் நாங்கள். அந்தத் திமிரெல்லாம் அரை நிமிஷத்தில் போய்விட்டது. லட்சக்கணக்கில் மோட்டார் சைக்கிள். மழைக்காலத்து ஈசல் மாதிரி. நிற்கவே நிற்காது. பத்து நிமிஷம் பிளாட்பாரத்தில் நின்றோம். ஒரு கிழவர் பர்ச்சேஸின் கையைப் பிடித்து, எதிரே பார்க்காமல், ஒரே வேகத்தில், கோயில் பிராகாரம் சுற்றுகிற மாதிரி நடந்தார். வண்டிகள் தாமாக விலகின. ரகசியம் அதுதான்: ஓடக்கூடாது, நிற்கக்கூடாது, பின்வாங்கவே கூடாது. நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று அவன் கணக்குப் போட்டு ஓட்டுகிறான். அவன் கணக்கைக் கெடுக்காதீர்கள்.

சரி, அம்மாவின் முதல் கேள்விக்கு வருவோம்.

பர்ச்சேஸ் கோழி, மீன் சாப்பிடுவான். மாடு, பன்றி தொடமாட்டான். சனிக்கிழமை சுத்த சைவம். போய் இறங்கியதே சனிக்கிழமை! பையில் அம்மா கொடுத்த இட்லி மிளகாய்ப்பொடி ஒரு கிலோ. அதை எதன்மேல் போடுவது? ஓட்டல் ரிசப்ஷன் பெண் ஒரு வார்த்தை சொல்லிக்கொடுத்தாள். 'சாய்.' சைவம் என்று அர்த்தம். 'தோய் ஆன் சாய்' என்றால், நான் சைவம் சாப்பிடுகிறேன். இந்த மூன்று வார்த்தையைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். 'சாய்' என்று போர்டு போட்ட கடைகள் ஊரெங்கும் இருக்கின்றன. புத்த மத வழக்கப்படி சந்திர மாதத்தின் முதல் நாளும் பௌர்ணமியும் நிறையப் பேர் சைவம். நம்ம ஊர் அமாவாசைக்கு வாழைக்காய் மாதிரிதான். 'சாய்' என்று சொல்லாவிட்டால் மட்டும் எதிலும் மீன் சாறு விழுந்துவிடும். 'நுக் மாம்' என்று பெயர். நெத்திலியை உப்புப் போட்டு மாசக் கணக்கில் ஊறவைத்து இறக்குகிற திரவம். நாற்றம் முதல் நாள் துரத்தும். மூன்றாம் நாள் நீங்களே கேட்டு வாங்குவீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை 'ஃபோ'. எழுதுவது அப்படி, 'ஃபா' என்று சொன்னால்தான் கிண்ணம் வரும். அரிசி நூடுல்ஸ், மணிக்கணக்கில் கொதித்த எலும்பு சூப், மேலே இறைச்சி. மாடுதான் பிரசித்தம், கோழியும் உண்டு. தனித் தட்டில் ஒரு தோட்டத்தையே பறித்து வைக்கிறார்கள்: துளசி ஜாதி, கொத்தமல்லி, முளைவிட்ட பயறு, எலுமிச்சை, மிளகாய். நாமே கிள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டும். நாங்கள் சாப்பிட்டது 60,000 டாங், இருநூறு ரூபாய்.

ஆனால் என்னை அசத்தியது அதில்லை. 'கம் தாம்' என்று ஒன்று. சைகோன்காரன் மார்தட்டிச் சொல்லிக்கொள்ளும் சாப்பாடு. என்னவென்று பார்த்தால்... நொய்! சாட்சாத் நம்ம நொய் அரிசி! நெல் குத்தும்போது உடைந்து விழுவதை, ஒரு காலத்தில் ஏழைகள் மட்டும் சாப்பிட்டதை, வேகவைத்து, மேலே நெருப்பில் வாட்டிய பன்றி இறைச்சியும் முட்டையும் வைத்து, காலை டிபனாக ஊரே சாப்பிடுகிறது. பர்ச்சேஸ் கோழி வைத்து வாங்கினான். நொய்யை விரலில் எடுத்து உருட்டிப் பார்த்தான். "எங்கூட்ல இதைக் கோழிக்குப் போடுவோம். இங்க இதுமேல கோழியைப் போடறான்" என்றான்.

இன்னும் கேளுங்கள். 'பான் ஸேயோ' என்று ஒன்று. அரிசி மாவு, மஞ்சள், தேங்காய்ப்பால் கரைத்து, காய்ந்த சட்டியில் ஊற்றினால் ஓர் ஓசை வருமே, அந்த 'ஸேயோ'தான் பெயர். நாம் 'சொய்ங்' என்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். மசால் தோசைக்கு உருளைக்கிழங்கு என்றால் இதற்கு இறால், முளைப்பயறு. கடுகுக் கீரையில் சுருட்டி வாயில் போட வேண்டும். 'பான் ஹாய்' என்று இன்னொன்று. சேவை நாழியில் பிழிந்த இடியாப்பத்தைச் சப்பையாகத் தட்டிய மாதிரி. அதன்மேல் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் போட்டுப் பார்த்தோம். பரிமாறிய பையன் எட்டிப் பார்த்தான். ஒரு ஸ்பூன் கொடுத்தோம். கண்ணில் தண்ணீர் வர, கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான்.

காபி? பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன பழக்கம். டம்ளர்மேல் ஒரு குட்டி அலுமினிய பில்டரை வைத்துவிடுகிறார்கள். சொட்டு... சொட்டு... நம்ம பித்தளை பில்டரின் மச்சினன். கீழே கெட்டியான டப்பாப் பால், பிறகு ஐஸ். கும்பகோணத்துக்காரர்கள் அடிக்க வராதீர்கள்: மூன்று டம்ளர் குடித்தேன். ராத்திரி இரண்டு மணி வரை தூக்கம் வராமல் பர்ச்சேஸிடம் வட்டிக் கணக்குப் பேசினேன். உலகத்தில் காபி விளைச்சலில் பிரேசிலுக்கு அடுத்த இடம் இந்த நாட்டுக்குத்தான் என்பது அந்த இரண்டு மணிக்கு நன்றாகவே புரிந்தது.

பார்க்க வேண்டியவை ஒரு நாளில் நடந்தே முடிகிற தூரம். 1914-ல் கட்டிய பென் தான் சந்தை, மணிக்கூண்டோடு. உள்ளே நம்ம பாரிமுனை. சொன்ன விலையில் பாதியில் ஆரம்பியுங்கள்; பர்ச்சேஸ் டிபார்ட்மெண்ட் கூட இருந்தால் மூன்றில் ஒன்றில். நாத்ருதாம் மாதா கோயில் 1880-ல் முடிந்தது. 2017-ல் தொடங்கிய மராமத்து நாங்கள் போனபோதும் முடியவில்லை; சாரத்துக்குள் இருந்தது. அதன் பக்கத்தில் 1891-ல் முடித்த தபாலாபீஸ். ரயில்வே ஸ்டேஷன் மாதிரி வளைந்த கூரை, சுவரில் பழைய தேசப்படங்கள். இன்னும் அங்கே தபால் தலை விற்கிறார்கள். பர்ச்சேஸ் ஒரு படக் கார்டு வாங்கி, மூலையில் உட்கார்ந்து, அம்மாவுக்கு ஏதோ எழுதிப் பெட்டியில் போட்டான். "போன்ல பேசிட்டேதானே இருக்கே, இது எதுக்குடா?" என்றேன். பதில் இல்லை.

யுத்த நினைவு மியூசியத்தைப் பற்றிச் சிரித்து எழுத முடியாது. மூன்று மாடி. 1961 முதல் 1971 வரை அமெரிக்க விமானங்கள் காட்டின்மேல் தெளித்த ஆரஞ்சு ரசாயனம், அதற்குப் பிறகு பிறந்த குழந்தைகளின் படங்கள். 1972-ல் நாப்பாம் குண்டில் வெந்து ரோட்டில் ஓடி வருகிற சிறுமியின் படம். கல்லூரி மாணவிகள் கூட்டம் ஒன்று வந்தது. உள்ளே வரும்போது இருந்த சத்தம் வெளியே போகும்போது இல்லை. நாங்களும் வாசலில் கரும்புச் சாறு வாங்கி, குடிக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தோம். 1975 ஏப்ரல் 30 அன்று டாங்கி கேட்டை உடைத்துக்கொண்டு நுழைந்த மாளிகையும் பக்கத்தில்தான் இருக்கிறது.

கு சி சுரங்கம் ஊருக்கு வெளியே, ஒன்றரை இரண்டு மணி நேரப் பயணம். மண்ணுக்கடியில் இருநூறு கிலோமீட்டருக்குமேல், மூன்று அடுக்காகத் தோண்டி அதற்குள்ளேயே ஆஸ்பத்திரி, சமையலறை எல்லாம் வைத்துச் சண்டை போட்டிருக்கிறார்கள். அடுப்புப் புகை தெரிந்தால் குண்டு விழும் என்று, புகையை மண்ணுக்குள்ளேயே நீளமான குழாய்ப் பாதையில் விட்டு, எங்கேயோ தள்ளிப் பனிமூட்டம் மாதிரிக் கசியவிட்டார்களாம். நமக்காக அகலப்படுத்திய ஒரு துண்டில் குனிந்து போகலாம். 'அகலப்படுத்திய' என்பது அவர்கள் சொல்வது. என் தொப்பை வேறு அபிப்பிராயம் சொன்னது. வெளியே வந்ததும் போராளிகள் சாப்பிட்ட சாப்பாடு என்று ஒரு தட்டு வைக்கிறார்கள். அவித்த மரவள்ளிக்கிழங்கு, தொட்டுக்கொள்ள வேர்க்கடலைத் தூளும் உப்பும். வெள்ளைக்காரர்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இரண்டாவது தட்டு கேட்டோம்.

ராத்திரிக்கு நுயென் ஹுவே நடைபாதை, ஆற்றங்கரை, 461 மீட்டர் உயரத்தில் லாண்ட்மார்க் 81 கட்டடம். அந்தக் கட்டடத்தைக் கட்டிய குழுமத்தின் கார் கம்பெனிதான் 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் தொழிற்சாலை திறந்தது. 2024 டிசம்பர் 22 முதல் மெட்ரோவும் ஓடுகிறது. முதல் லைன், பதினாலு ஸ்டேஷன். ஊர்க்காரர்களே இன்னும் ஜன்னலோரம் பிடிக்க அடித்துக்கொள்கிறார்கள்.

இரண்டாவது கேள்வி. எங்க போயி கும்புடுவே?

பிப்ரவரி 12, புதன்கிழமை. முதல் நாள் நம்ம தைப்பூசம். அன்றைக்கு அவர்களுக்கு வருஷத்தின் முதல் பௌர்ணமி. ஊரே சைவம், 'சாய்' கடைகளில் நிற்க இடமில்லை. பென் தான் சந்தையிலிருந்து கொஞ்ச தூரம் நடந்து ச்ருவாங் தின் தெருவில் திரும்பினால்... கோபுரம்! பொம்மை பொம்மையாக, வர்ணம் பூசி, நம்ம ஊர்க் கோபுரம். மாரியம்மன் கோயில். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில் தமிழ் வியாபாரிகள் கட்டியது. உள்ளே மாரியம்மன், பக்கத்தில் மதுரைவீரன், பேச்சியம்மன். பர்ச்சேஸ் செருப்பைக் கழற்றக்கூட மறந்து நின்றான்.

தமிழர்கள் இருப்பார்கள் என்று தேடினோம். கூட்டம் நெரிகிறது; எங்களைத் தவிர எல்லாரும் வியட்நாமியர், சீனர். மல்லிகைப்பூ, கட்டு கட்டாக ஊதுபத்தி. 'இந்திய அம்மன் கோயில்' என்றுதான் அவர்கள் பாஷையில் பெயர். அவர்கள் கும்பிடுகிற விதமே தனி. சன்னதிக்குப் பின்பக்கம் போய், கருங்கல் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து, இரண்டு கையையும் சுவரில் வைத்து, வாய்க்குள் ஏதோ சொல்கிறார்கள். கல் வழியாக அம்மனுக்குக் கேட்குமாம். ஆபீஸ் டை கட்டின பையன், மார்க்கெட் பாட்டி, லிப்ஸ்டிக் போட்ட பெண் என்று வரிசை. நெற்றி பட்டுப் பட்டுக் கல் வழவழவென்று இருந்தது.

இந்தக் கோயில்களைக் கட்டியவர்கள் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? கொஞ்சம் கணக்குப் பேசிவிடுகிறேன், பி.காம். படித்ததற்கு.

மீகாங் ஆற்றுப் படுகையில் பிரெஞ்சுக்காரன் கால்வாய் வெட்டி நெல் விளைவித்தான். சின்ன விவசாயிக்குக் கடன் கொடுக்க அவன் பாங்க் தயாரில்லை. கொடுத்தவர்கள் நம்ம நகரத்தார். காரைக்குடிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து கிட்டங்கியில் ஒரு பெட்டியும் ஒரு பாயும் போட்டு உட்கார்ந்து வட்டிக் கடை நடத்தினார்கள். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வரிசை. ஏஜெண்டாக வந்தவருக்குப் பொதுவாக மூன்று வருஷக் கணக்கு. சம்பளத்தில் ஒரு பங்கு முன்கூட்டியே வீட்டுக்குப் போய்விடும். பெண்டாட்டி, பிள்ளை ஊரில். மூன்று வருஷம் முடிந்தால்தான் முகம் பார்ப்பது. 'ரெண்டு வருஷ டெபுடேஷன், குடும்பம் இந்தியாவில்' என்று பர்ச்சேஸின் ஆபீஸ் தாளில் போட்டிருந்ததை நினைத்துக்கொண்டேன். நல்ல பெயர் மட்டும் எடுத்தார்கள் என்று சொல்லமாட்டேன். 1930-களில் அரிசி விலை படுத்தபோது கடன் திரும்பவில்லை. அடமான நிலம் கை மாறியது. ஊரார் கரித்துக்கொட்டினார்கள்.

செட்டியார்கள் மட்டுமில்லை. புதுச்சேரி, காரைக்கால்காரர்கள் பிரெஞ்சுப் பிரஜைகளாக வந்து போலீஸ், சுங்கம், வரி வசூல் என்று சர்க்கார் வேலை பார்த்தார்கள். துங் து தெருவில் 1935-ல் கட்டிய மசூதி தென்னிந்திய முஸ்லிம்களுடையது. பெரிய ஓட்டல்களுக்கு நடுவே இன்னும் சாந்தமாக இருக்கிறது. 1975-க்குப் பிறகு பெரும்பாலோர் கிளம்பிவிட்டார்கள். புதுச்சேரியில் சில வீடுகளில் இன்றைக்கும் 'சாயோ' பொரிக்கிறார்களே, அது இந்த ஊர்ச் சரக்குதான். பதிலுக்கு நாம் விட்டுவந்தது, கறி. 'கா ரி' என்றே சொல்கிறார்கள். தேங்காய்ப்பால், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, கோழி போட்டு, பிரெஞ்சு ரொட்டியைப் பிய்த்து முக்கிச் சாப்பிடுகிறார்கள். தமிழ் வார்த்தையை பிரெஞ்சு ரொட்டியில் தொட்டு வியட்நாமில் சாப்பிடுவதற்கு எங்கள் அக்கௌண்டன்ஸியில் தலைப்பே கிடையாது.

தோன் தாத் தியெப் தெருவில் செட்டியார்கள் கட்டிய தண்டாயுதபாணி கோயிலுக்கும் போனோம். அங்கே கூட்டமில்லை. முருகன் தனியாக நின்றார். வல்லக்கோட்டையில் ஏழடி உயரத்தில் பார்த்துப் பழகிய கண்ணுக்குச் சின்னதாகத் தெரிந்தார். பர்ச்சேஸ் சூடம் தேடினான். கிடைக்கவில்லை. ஊதுபத்தி வைத்துவிட்டு, திரும்பவும் மாரியம்மன் கோயிலுக்கே போகணும் என்றான். போனோம். வரிசையில் நின்று, முறை வந்ததும், அவனும் கல்லில் நெற்றியை வைத்தான். ரொம்ப நேரம். பின்னாலிருந்த பாட்டி அவசரப்படுத்தவில்லை.

"இன்னாடா சொன்னே?"

"தமிழ்ல பேசி ரொம்ப நாளாச்சுன்னு ஆத்தா சந்தோஷப்பட்டுச்சு" என்றான். மழுப்பல்தான்.

அவன் அப்படி நின்றதற்குக் காரணம் முதல் நாள் நடந்தது. அதுதான் மூன்றாவது கேள்வி.

அவன் வேலை பார்க்கப் போகிற இடம் பின் துவாங். அப்போது தனி மாகாணம். 2025 ஜூலை 1-ல் சைகோனோடு சேர்த்துவிட்டார்கள். திங்களும் செவ்வாயும் அங்கே போனோம். போய் இறங்கியதும் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். பிள்ளைப்பாக்கம்! அதே நீலத் தகரக் கூரை, அதே காம்பவுண்டு, அதே ஷிப்டு பஸ், கழுத்தில் அடையாள அட்டை தொங்க அதே பெண் பிள்ளைகள். இங்கே ஒரு பெரிய தொழிற்பேட்டை 1996-ல் வந்ததாம். நம்ம இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கால் வைத்ததும் 1996. ஒரே வருஷத்துப் பிள்ளைகள்.

தங்குகிற இடம் பார்க்கப் போனோம். தொழிலாளிகளுக்கென்றே வரிசையாகக் கட்டிய ஒற்றை ரூம்கள். வாசலில் செருப்பு, கொடியில் யூனிபாரம், ஒரு மூலையில் பொதுத் தண்ணீர்க் குழாய். "இது எங்கம்மா கட்டின ரூம்தான்டா. கதவு மட்டும் வேற" என்றான் பர்ச்சேஸ். சொன்னவன் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். முந்தின ராத்திரி சாப்பிட்டதோ, வெயிலோ, வாந்தி. உடம்பு கொதித்தது. எனக்குக் கை கால் ஓடவில்லை. போனில் மொழிபெயர்ப்பைத் தட்டினால் அது 'உங்கள் நண்பர் கொதிக்கிறார்' என்கிற மாதிரி என்னமோ சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்கார அம்மாள் என்னை ஒதுக்கிவிட்டு வந்தார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே இழுத்துப்போய்ப் பாயில் படுக்க வைத்தார். நெற்றிப்பொட்டில் ஏதோ பச்சைத் தைலம். அரை மணியில் ஒரு கிண்ணம் கொண்டுவந்தார். 'சாவ்' என்றார். எட்டிப் பார்த்தேன். அரிசிக் கஞ்சி. குழைய வெந்த வெள்ளைக் கஞ்சி, உப்பு, மேலே நறுக்கிய வெங்காயத்தாள். உடம்பு சரியில்லாதவனுக்கு அங்கேயும் இதுதான். மகனுக்குக் கொடுக்கிற மாதிரிப் பக்கத்தில் உட்கார்ந்து, ஊதி ஊதிக் கொடுத்தார். வாடகை இன்னும் பேசக்கூட இல்லை. அட்வான்ஸ் கொடுக்கவில்லை. சாயங்காலம் காய்ச்சல் இறங்கியது. நான் காசு நீட்டினேன். சைகோன் இளநீர்க்கார அம்மாள் திட்டின அதே திட்டு!

கஞ்சிக் கிண்ணத்தை நான் போட்டோ எடுத்து வைத்திருந்தேன்.

ஊருக்கு வந்தோம். பர்ச்சேஸ் அம்மா முன்னால் போனை நீட்டினேன். சாய், மாரியம்மன் எல்லாம் சொல்லி முடித்திருந்தேன், 'உம்' கொட்டிக்கொண்டிருந்தார். இந்தப் போட்டோவைப் பார்த்ததும் போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"நொய்க் கஞ்சிதானே இது?"

"ஆமாம்மா."

"வெங்காயத் தழையை எதுக்குப் போட்டா? வாந்தி எடுத்த புள்ளைக்கு யாராச்சும் வெங்காயம் போடுவாங்களா?" கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "அந்தம்மாவுக்கு எத்தினி புள்ளைங்க?"

எங்களுக்குத் தெரியவில்லை. கேட்கவில்லை. இதைக்கூடக் கேட்காம வந்தீங்களா என்று இருவருக்கும் டோஸ். அப்போது பின்பக்க மூன்றாம் நம்பர் ரூம் ஒடிஸா பையன் எட்டிப் பார்த்து, காலி டிபன் தூக்கு ஒன்றைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனான். போன வாரம் பூரா அவனுக்கு டெங்கு என்று பர்ச்சேஸ் அப்புறம் சொன்னான். தூக்கு அம்மாவுடையது.

ஒன்பதாம் நாள் பர்ச்சேஸ் ஆபீசில் 'சரி' என்று சொன்னான். ஏப்ரலில் கிளம்பினான். அவன் போய்ப் பத்து நாள் கழித்துத் தபால்காரர் ஒரு படக் கார்டு கொண்டுவந்தார். சைகோன் தபாலாபீஸ் படம் போட்டது. இரண்டு மாதத்துக்குமேல் எங்கெங்கேயோ சுற்றி, மூலை மடங்கி வந்திருந்தது. அம்மாவுக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க வராது. என்னைக் கூப்பிட்டார். படித்தேன்.

'அம்மா, நல்லா இருக்கேன். சாப்பாடு பரவாயில்ல. பொடியை எல்லாரும் கேக்கறாங்க, சீக்கிரம் தீர்ந்துடும்.'

அம்மா கார்டை வாங்கி அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தார். மிளகாயை முறத்தில் கொட்டிக் காம்பு கிள்ள ஆரம்பித்தார்.

"தம்பி, கொரியர்காரன் கிலோவுக்கு எவ்ளோ கேக்கறான்னு விசாரிச்சுச் சொல்லு. ரெண்டு கிலோவா அனுப்பணும். ஒண்ணு அந்தம்மாவுக்கு."